லட்சுமி ஒட்டிய படகு

சாத்தூர் பைபாஸில் கார் பம்பர் ஒட்டும் கடையைத் தாண்டும்போது அந்த வாடை மூக்கில் ஏறியது. நெயில் பாலிஷைத் தெருவெல்லாம் கொட்டிய மாதிரி ஒரு நெடி. மற்றவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். நான் வண்டியை ஓரங்கட்டி ஆசைதீர மூச்சை இழுத்தேன். கடைக்காரர், "என்ன வேணும்ணே?" என்றார். என்னத்தைச் சொல்ல? ஒரு காலத்தில் நானும் படகு கட்டியவன் என்றால் நம்புவாரா? நீங்களாவது நம்புங்கள்.

விருதுநகர் பக்கம் படகா என்று சிரிக்கத்தான் தோன்றும். எங்கள் ஊரே சிரித்தது. தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காத்திருக்கிற ஊர். ஆனால் அந்த வருஷம் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழை கொட்டித் தீர்த்து, கண்மாய் கரைதொட நிறைந்துவிட்டது. கல்யாணமான புதிதில் என் மனைவி பேச்சியை ராமேஸ்வரத்தில் படகில் ஏற்றுவதாகச் சொல்லியிருந்தேன். சிவகாசி காலண்டர் அச்சகத்தில் வேலை பார்ப்பவனின் வாக்கு. ஒவ்வொரு வருஷமும் காலண்டர் சீசன் வந்து அதைத் தின்றுவிடும். நிறைந்த கண்மாயைப் பார்த்துவிட்டு வந்தவள், "ராமேஸ்வரமெல்லாம் வேண்டாம். இந்தா கிடக்கு தண்ணி. படகு எங்கன?" என்றாள். பொங்கல் கழிந்ததும் வயலுக்கு மடை திறந்துவிடுவார்கள். தண்ணீர் போவதற்குள் அவளை ஏற்றியாக வேண்டும்.

பக்கத்து வீட்டு முனியசாமி பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவன். அப்போது ஆர்டர் மந்தம், சும்மா இருந்தான். இருவரும் போனில் வீடியோ பார்த்தோம். பேசியவர் என்ன மொழியோ, கையைப் பார்த்தே படித்தோம். பலகையில் கவிழ்த்த படகு மாதிரி அச்சு செய், மேலே கண்ணாடி நாரில் செய்த ஃபைபர் மேட்டை விரி, நெடியடிக்கும் ரெசின் பிசினில் அதை இறுகவைக்கும் ஹார்டனரைக் கலந்து தடவு, காய்ந்ததும் உரி. வடகம் போடுவதைவிடச் சுலபமாகத் தெரிந்தது. நடுவில் அவர் அச்சின்மேல் எதையோ வெகுநேரம் தேய்த்தார். துடைக்கிறார் என்று நினைத்து அதை ஓட்டிவிட்டோம். ஒட்டாமலிருக்க மெழுகு தேய்த்திருக்கிறார், மனுஷன்! எங்களுக்குத் தோன்றிய உபாயம் வேறு. அச்சகத்தில் கழித்துப்போட்ட லட்சுமி காலண்டர் தாள் கட்டுக்கட்டாகக் கிடந்தது, வார்னிஷ் போட்டு வழுவழுவென்று. "ஈ உக்காந்தாலே வழுக்கும் மாப்ள, ரெசினா ஒட்டப்போகுது?" என்றான் முனியசாமி. அச்சு முழுக்க, படம் மேலே தெரியும்படி, லட்சுமியைப் பரப்பினோம்.

கலவை அவன் பொறுப்பு. பட்டாசுக்காரர்கள் வெயில் ஏறுமுன் மருந்து கலந்துவிடுவார்கள். பொறி பறந்துவிடும் என்று காலில் செருப்பும் இருக்காது. அதே பழக்கத்தில் விடியற்காலையில் வெறுங்காலோடு ஆரம்பித்தான். மார்கழிக் குளிரில் ரெசின் இறுகவே இல்லை. இன்னும் கொஞ்சம் ஹார்டனர், இன்னும் கொஞ்சம். வெயில் வந்ததும் வாளி தானாகச் சூடாகிப் புகைந்தது பாருங்கள்! "ஓடுங்கலே!" என்று கத்தினான். புகையைக் கண்டால் காரணம் கேட்டுக்கொண்டு நிற்கும் வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. நான் ஒரு சுவர் தாண்டினேன், அவன் இரண்டு. தெருவே காலி. கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தால், வாளியில் ரெசின் கல்லாக இறுகிக் கிடந்தது. பக்கத்தில் பேச்சி இடுப்பில் கைவைத்து நின்றாள். "எம்புட்டு வீரம்!"

மறுபடி வாங்கிக் கலந்து, ஒருவழியாகத் தடவி முடித்து, காய்ந்ததும் ஆள் சேர்த்து உரித்தோம். பலகை கழன்றது, தாள் கழலவில்லை. தூக்கிப் பார்த்தால், கண்ணாடிபோல் இறுகிய ரெசினுக்குள்ளிருந்து படகின் வெளிப்புறமெல்லாம் வரிசைவரிசையாக லட்சுமி புன்னகைத்தாள். ஊர் கூடிவிட்டது. ஒரு அத்தை முனையில் குங்குமம் வைத்தார். எங்கிருந்தோ சூடமும் வந்தது. சிரிப்பதா கும்பிடுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தோம்.

முனியசாமி மட்டும் வெலவெலத்துப் போனான். "சாமி மேல காலை வைக்கிறதா? நான் ஏற மாட்டேன். நீயும் ஏறாதலே." சுரண்டிவிடலாம் என்றேன். "சாமி மூஞ்சியவா?" பெயிண்ட் அடிக்கலாம் என்றதற்கும் அதே பார்வைதான். மறுநாள் மடை திறக்கிறார்கள். பேச்சியின் முகத்தைப் பார்க்கவே எனக்குத் தைரியமில்லை.

அவளோ நிதானமாகச் சொன்னாள்: "தெப்பத்துல சாமிகூட பூசாரி ஏறுறாகல்ல? அவுக என்ன அந்தரத்துலயா நிக்காக? குளிச்சிட்டு, செருப்பக் கழட்டிட்டு ஏறுவோம். இது படகு இல்ல, தெப்பம்." அவ்வளவுதான். முதலில் குளிக்க ஓடியவன் முனியசாமி. செருப்பில்லாமல் வேலை பார்ப்பதுதான் அவனுக்கு அத்துப்படியாயிற்றே.

படகு கொஞ்சம் சாய்ந்துதான் போனது. மிச்சப் பலகைதான் துடுப்பு. கரையில் பெண்கள் குலவையிட்டார்கள். நடுக் கண்மாயில் பேச்சி, "செத்த நேரம் துடுப்பு போடாதீக" என்றாள். தண்ணீரில் கையை விட்டு அளைந்துகொண்டே சிரித்தாள், சிரித்தாள், நிறுத்தவே இல்லை. அதைவிடச் சந்தோஷமாக நான் என்றைக்கும் இருந்ததில்லை. பொழுது சாயும்வரை ஊரில் பாதிப் பேர் குளித்துவிட்டு வந்து வரிசையில் நின்றார்கள்.

அதற்குப் பிறகு கண்மாய் அப்படி நிறையவில்லை. இப்போது அங்கே சீமைக்கருவேலம்தான். முனியசாமி குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய்விட்டான். படகு எங்கள் கொல்லையில் விறகின்மேல் கவிழ்ந்து கிடக்கிறது. வெயில் தின்று லட்சுமி வெளுத்துப்போய், தாமரைகூடத் தெரியவில்லை. ஆனாலும் வானம் இடித்தால் பேச்சி கொடியில் துணி எடுக்க ஓட மாட்டாள். படகைத்தான் நிமிர்த்திப் போடுவாள்.

பம்பர் கடையிலிருந்து நான் வீடு சேர்ந்தபோது ஒரு மழை அடித்து ஓய்ந்திருந்தது. படகுக்குள் பாதம் நனைகிற அளவுக்குத் தண்ணீர். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அதில் காலை வைத்து உட்கார்ந்திருந்தாள் பேச்சி.

"செருப்பக் கழட்டிட்டு ஏறுங்க" என்றாள்.

கழற்றிவிட்டுத்தான் ஏறினேன்.