பூட்டக்காவும் திரும்பி வந்த கோடுகளும்

அலுவலகத்தில் அவளுக்குப் பூட்டக்கா என்று பெயர். நேரில் அக்கா, முதுகுக்குப் பின்னால் பூட்டக்கா. கதவைப் பூட்டிவிட்டு ஒருமுறை இழுத்துப் பார்ப்பது எல்லாரும் செய்கிற காரியம்தான். இவள் மூன்று முறை இழுப்பாள். மாடிப்படி இறங்கியவள், எதற்கும் இருக்கட்டும் என்று மறுபடி ஏறிப் போய் நான்காவது முறை இழுத்த நாட்களும் உண்டு. பால் பாக்கெட் வாங்கினால் தேதியைப் பார்ப்பாள். தேதி சரியாக இருந்துவிட்டால், இவ்வளவு சரியாக எப்படி இருக்கிறது என்று கடைக்காரரை ஒரு பார்வை பார்ப்பாள்.

அவள் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவர். "ஊர்ல எல்லாரும் பார்வை சரியில்லைன்னு எங்கிட்ட வர்றாங்க. எங்க வீட்டுல மட்டும் பார்வை கொஞ்சம் ஜாஸ்தி" என்பார். அவளுக்கு அது புகழ்ச்சியாகவே படும்.

அப்படிப் பட்டதில் தப்பும் இல்லை. கட்டட வரைபட அலுவலகத்தில் பல வருஷமாகக் கணினியில் படம் வரைகிறவள் அவள். சந்தேகப்படாத ஆள் அந்த நாற்காலியில் ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது. ஜன்னல் இருக்கிற இடத்தில் அலமாரி வந்து நிற்கும். படிக்கட்டில் ஒரு படி காணாமல் போயிருக்கும். குளியலறைக் கதவைத் திறந்தால் வாஷ்பேசினில் இடிக்கும். இதையெல்லாம் சைட்டுக்குப் போவதற்கு முன் பிடித்து நிறுத்தியது அவள் கண்தான். முதலாளியான பெரிய சார்கூட, "அக்கா பாத்தாச்சா? அப்ப அனுப்பு" என்றுதான் சொல்வார்.

அவள் நம்பிய ஒரே ஜீவன் பைப்பு. தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய்ப் படங்களை வரைகிறவள் என்பதால் அந்தப் பெயர். அக்காவைவிடச் சில வயது இளையவள், அடுத்த தெருக்காரி. இருவரும் ஒரே பஸ்ஸில் வருவார்கள், மதியம் ஒரே மேஜையில் சாப்பிடுவார்கள். இவள் டப்பாவின் மூடியில் அவள் சாப்பாடு, அவள் மூடியில் இவள் சாப்பாடு. சாயங்காலம் அக்கா பூட்டை இழுத்துக்கொண்டிருக்க, பைப்பு படியில் நின்று சிரிப்பாள். "ஒரு தடவ இழுத்தா போதும்க்கா. பாவம், பூட்டுக்கும் மானம் ரோஷம் இருக்குல்ல?"

இந்தச் சிரிப்புக்குத்தான் ஆபத்து வந்தது. வந்த வழியைச் சொல்ல வேண்டுமானால் அவர்களுடைய வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ஒரு கட்டடத்துக்கு ஒரே படம் என்கிற காலம் மலையேறிவிட்டது. தூண்கள் ஒருவர் ஃபைலில் இருக்கும், குழாய்கள் இன்னொருவர் ஃபைலில், மின்சாரம் வேறொருவர் ஃபைலில். சுவரும் கதவும் ஜன்னலும் உள்ள முதன்மைப் படம் பூட்டக்காவுடையது. மற்றவர்களின் படங்களை அதில் இணைத்து வைத்திருப்பார்கள். கண்ணாடித் தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல எல்லாம் சேர்ந்து தெரியும். ஒவ்வொரு படத்திலும் கோடுகள் லேயர் லேயராகப் பிரிந்திருக்கும். எந்த லேயர் தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்பதை விளக்கை அணைப்பதுபோல ஒரு சொடுக்கில் முடிவு செய்யலாம். கொத்தனாருக்குப் போகிற தாளில் குழாய் தெரிந்தால் குழப்பம் என்று அக்கா அந்த லேயர்களை அணைத்து வைப்பாள். பைப்புவின் சொந்த ஃபைலில் அவை எப்போதும் போல எரிந்துகொண்டிருக்கும். முதன்மைப் படத்தில் மட்டும் அக்கா வைத்ததுதான் சட்டம்.

குழந்தைகள் மருத்துவமனை ஒன்றை வரைந்துகொண்டிருந்தார்கள். பைப்பு தன் படத்தை முடித்துக் கொடுத்து, அதை முதன்மைப் படத்தில் இணைத்த வாரத்தில் ஆரம்பித்தது வினை. சாயங்காலம் அக்கா குழாய்களை அணைத்து, சேமித்து, மூடிவிட்டுப் போவாள். காலையில் திறந்தால் அத்தனையும் பளிச்சென்று எரியும்.

முதல் நாள், மறந்துவிட்டோமோ என்று நினைத்தாள். அந்த நினைப்பே அவளுக்குப் பிடிக்கவில்லை. மறுநாள் அணைத்ததைக் கைப்பேசியில் படம்பிடித்துவிட்டுப் போனாள். காலையில் மறுபடி குழாய். அதே வாரத்தில் மருத்துவமனைக்காரர்கள் வந்தபோது, பெரிய சார் முதன்மைப் படத்தைப் பெரிய திரையில் திறந்து காட்டினார். வார்டு, வராந்தா, டாக்டர் அறை எல்லாவற்றின் மேலும் பச்சையும் பழுப்புமாகக் குழாய்கள் ஓடின.

"இது ஆஸ்பத்திரியா, தண்ணி டேங்கா?" என்று வந்தவர்களில் ஒருவர் சிரித்தார். பெரிய சார் சிரிக்கவில்லை. அவர்கள் போனதும், "அக்கா, அடுத்து ஒரு காலேஜ் வேலை வருது. அதோட மெயின் டிராயிங்க யார்கிட்ட குடுக்கறதுன்னு யோசிக்க வெச்சிராதீங்க" என்றார். அவர் பார்வை ஒரு நொடி பைப்புவின் நாற்காலிப் பக்கம் போய்வந்தது. அல்லது அப்படி அக்காவுக்குப் பட்டது. பட்டாலே அவளுக்குப் போதும்.

மறுவாரமே பைப்பு சேர்ந்து பஸ்ஸில் வருவதை நிறுத்தினாள். "காலையில கொஞ்சம் வேலை இருக்குக்கா, முந்தின பஸ்ல போயிடறேன்." என்ன வேலை என்று கேட்டதற்கு, "சும்மா, சில்லறை வேலை" என்றாள். சில்லறை வேலைக்கு யாராவது விடிந்தும் விடியாமலும் ஓடுவார்களா? அக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க ஆரம்பித்தாள். முதன்மைப் படத்தின் ஃபைல் தகவலைத் திறந்தாள். கடைசியாகச் சேமித்தவர் என்ற இடத்தில் பைப்புவின் பெயர். நேரம், அன்று காலை. அடுத்த நாளும் அவள் பெயர்தான்.

அக்காவுக்குக் கோபம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது துக்கம்தான். மூடியில் வைத்துச் சோறு கொடுத்த கை! மதியம் சாப்பிடும்போது பைப்பு சிரித்தால், எதற்குச் சிரிக்கிறாள் என்றிருந்தது. சிரிக்காவிட்டால், எதை மறைக்கிறாள் என்றிருந்தது.

ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் முந்தின பஸ்ஸைப் பிடித்தாள். அலுவலகக் கண்ணாடிக் கதவின் வழியே பார்த்தபோது, பைப்பு தன் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். திரையில் இருந்தது குழாய்ப் படமல்ல, முதன்மைப் படம். லேயர் பட்டியலில் அவள் விரல் டக் டக்கென்று சொடுக்கிக்கொண்டிருந்தது. கதவுச் சத்தம் கேட்டதும் துள்ளி விழுந்தாள்.

"என்னக்கா, இவ்வளவு சீக்கிரம்?"

"அதையேதான் நான் கேக்கறேன்."

"சைட்டு வண்டிக்குப் பிரிண்ட் எடுக்கணும்ல, அதான்..." பைப்பு அவசரமாகப் படத்தை மூடினாள். காது சிவந்திருந்தது.

கையும் களவுமாகப் பிடித்தாயிற்று. அன்று மதியம் அக்கா தன் டப்பாவின் மூடியைத் திறந்து தன் பக்கமே வைத்துக்கொண்டாள். சாயங்காலம் பெரிய சார் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். பஸ், பெயர், நேரம், மூடிய திரை. ஒன்றைக்கூடக் கூட்டிச் சொல்லவில்லை. உண்மைகள் அவ்வளவு அழகாக அடுக்கிக்கொண்டு நின்றன.

முதன்மைப் படத்தைத் திறக்கிற உரிமை பைப்புவுக்கு ரத்தானது. சைட்டில் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து அளவு சரிபார்க்கிற வேலைக்கு அனுப்பினார்கள். "ஏன்னு கேக்கலாமா சார்?" என்று மட்டும் கேட்டாளாம். "உனக்கே தெரியும்" என்றாராம் பெரிய சார். போகும்போது பைப்பு அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். அக்கா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாசக் கடைசியோட நின்னுக்கச் சொல்லிடலாம்னு இருக்கேன்" என்று பெரிய சார் சொன்னபோது, அக்கா கையிலிருந்த தாளைச் சுருட்டினாள். 'நாமா அனுப்புகிறோம்? அவள் செய்தது அவளை அனுப்புகிறது' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வீட்டில் கணவர், "அந்தப் பொண்ணா? நம்பவே முடியல" என்றார். "உங்களுக்கு எல்லாரும் நல்லவங்கதான்" என்று வெடுக்கென்று எழுந்து போனாள்.

பைப்பு போன மறுநாள் காலையில் பிரிண்ட் எடுத்தது அலுவலக டிரைவர். திறந்தார், பொத்தானை அழுத்தினார், சுருட்டினார், கொண்டுபோனார். அவருக்குக் கோடு என்றால் கோடு. ரெண்டு நாள் கழித்து சைட்டிலிருந்து போன் வந்தது. டாக்டர் அறையின் குறுக்கே, கதவிலிருந்து ஜன்னல்வரை, கொத்தனார் செங்கல் வைத்திருந்தார். கழிவுக் குழாயின் தடித்த கோட்டைச் சுவர் என்று நினைத்துவிட்டார். மனுஷன் மேல் தப்பில்லை. தாளில் இருந்ததைக் கட்டினார்.

பெரிய சார் போட்ட சத்தத்தில் வரவேற்பறை நாற்காலிகள்கூட நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். "இப்பவும் அந்தப் பொண்ணுதான் வந்து செஞ்சாளா?" என்று கேட்டார். அந்தப் பிரிண்டுக்கு முந்தின நாள் சாயங்காலம் குழாய்களை அணைத்தது அக்காதான். திறக்கும் உரிமை இருந்தது அவளுக்கும் சாருக்கும், பிரிண்ட் மட்டும் எடுக்கிற டிரைவருக்கும். அந்த மூன்று பேரில் யாரைச் சந்தேகிப்பது? டிரைவருக்கு லேயர் என்றால் என்னவென்றே தெரியாது. சாருக்குத் தன் வேலையைத் தானே கெடுத்துக்கொள்ளப் பைத்தியமா?

அக்கா தன் இடத்தில் வந்து உட்கார்ந்தாள். நல்ல வெளிச்சம், சுற்றிலும் ஆட்கள். குழாய் லேயர்களை ஒவ்வொன்றாக அணைத்தாள். சேமித்தாள். மூடினாள். அவள் பகல் பூராவும் படத்தைத் திறந்தே வைத்திருக்கிறவள். மூடுவது வீட்டுக்குக் கிளம்பும்போது மட்டும்தான். அதனால் மூடிய கையோடு திறந்து பார்க்கிற வழக்கம் அவளுக்கு இருந்ததில்லை. இப்போது திறந்தாள்.

அத்தனை குழாயும் எரிந்தன.

யாரும் வரவில்லை, யாரும் தொடவில்லை. அவள் கண்ணெதிரே, அவள் கைக்கடியில்.

நேராக அமைப்புகள் பக்கத்துக்குப் போனாள். இணைத்த படங்களின் லேயர்களில் நாம் செய்கிற மாற்றத்தை நினைவில் வைக்கவா என்று கேட்கும் ஒரு சின்னக் கட்டம் உண்டு. எல்லாப் படங்களிலும் அதில் டிக் இருக்கும். இந்தப் படத்தில் இல்லை. டிக் இல்லையென்றால், மூடித் திறக்கும்போதெல்லாம் படம் அவள் வைத்ததை மறந்துவிடும். அந்தந்த ஃபைல்காரர் வைத்தது எதுவோ அதையே காட்டும்.

டிக்கை எடுத்தது யார் என்று தேட வேண்டியிருக்கவில்லை. பொறி தட்டியது.

இந்த வேலை ஆரம்பித்த புதிதில், யாரோ தங்கள் பிரிண்டுக்காகத் தூண் லேயரை அணைத்துவிட்டு அப்படியே விட்டுப் போயிருந்தார்கள். அக்கா தெரியாமல் ஒரு கதவைத் தூணின் மேலேயே வரைந்துவிட்டாள். கடைசி நேரத்தில் தப்பித்தாலும் அவமானம் பொறுக்கவில்லை. இனி என் படத்தில் என் கண்ணிலிருந்து யாரும் எதையும் மறைக்க முடியாது பார் என்று கறுவிக்கொண்டு, அந்த டிக்கை எடுத்தவள் அவளேதான். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் யாராவது திருப்பிப் போட்டுவிடுவார்களே. அப்போது குழாய்ப் படம் இணைக்கப்படவில்லை, மறைப்பதற்கு அவளுக்கும் ஒன்றும் இருக்கவில்லை. அப்படியே மறந்தும் போனாள்.

பெரிய சாரிடம் போய் நின்றபடியே சொன்னாள். அவர், "அந்தப் பொண்ணக் கூட்டிட்டு வாங்க. நீங்களே போங்க" என்றார்.

தகரக் கொட்டகையில் பைப்பு அளவு நாடாவைச் சுற்றிக்கொண்டிருந்தாள். வெளியே, இடித்த சுவரின் செங்கற்களை ஒருவர் அடுக்கிக்கொண்டிருந்தார். அக்கா நடந்ததைச் சொல்லி முடித்தாள். "நீ ஏன் தினமும் அதத் திறந்தே? ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லக் கூடாதா?"

பைப்பு நாடாவைக் கீழே வைத்தாள். "அன்னைக்கு ஆஸ்பத்திரிக்காரங்க போனதும் சார் உங்களப் பேசினாருல்ல. மறுநாள் பாத்தா மறுபடி பைப் எரியுது. செக் பண்றதுக்குப் போட்டுட்டு அணைக்க மறந்துடறீங்கன்னு நெனச்சேன். உங்களுக்கு மறதி வந்துடுச்சோன்னு பயந்துட்டேன்க்கா. கேட்டா உங்க மனசு நொந்துடும்னு, நீங்க வர்றதுக்குள்ள நானே அணைச்சு பிரிண்ட் எடுத்து அனுப்பிட்டிருந்தேன். கை பழக்கத்துல சேவும் பண்ணிடுவேன்."

அத்தனை காலையும் சைட்டுக்குச் சரியான தாள் போனது எதனால் என்று, எல்லாவற்றையும் சந்தேகித்த அக்கா ஒருநாளும் சந்தேகித்ததில்லை. "மறதிதான்டி. நீ நெனச்சது சரிதான்" என்றாள். அழுகை வந்தது. பைப்பு ஆறுதல் சொல்லவில்லை. தன் பையை எடுத்துக்கொண்டு கூடவே நடந்தாள்.

அலுவலகத்தில் அவளுடைய உரிமை திரும்பக் கிடைத்தது. நாற்காலியும் கிடைத்தது. அக்கா தன் டப்பாவின் மூடியை அவள் பக்கம் வைத்தாள். பைப்பு வாங்கிக்கொண்டாள். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்றுதான் அக்கா நினைத்தாள்.

"அந்த டிக்கப் போட்டுட்டீங்களா?" என்று பைப்பு கேட்டாள்.

"அப்பவே போட்டுட்டேன். இனிமே வராது."

"நான் பாக்கலாமா?"

அக்கா நாற்காலியிலிருந்து எழுந்து இடம் விட்டாள். பைப்பு உட்கார்ந்து, முதன்மைப் படத்தை மூடித் திறந்தாள். சுவர்கள் மட்டும் தெரிந்தன. குழாய் இல்லை. "பாத்தியா?" என்றாள் அக்கா. பைப்பு மறுபடி மூடித் திறந்தாள். அப்போதும் குழாய் இல்லை.

அக்கா அவள் முகத்தைப் பார்த்தபடி பக்கத்தில் நின்றாள். பைப்பு மூன்றாவது முறையும் மூடினாள்.