மாட்டாஸ்பத்திரியில் நான் சொன்ன பொய்

என் மனைவி மாசமாக இருந்தபோது, அவள் வளர்த்த முயலை ஊசி போட்டுக் கொல்லச் சொன்னவன் நான்தான். போகிற வழியிலேயே செத்துவிட்டது என்று அவளிடம் பொய் சொன்னேன்.

கொன்றதற்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிறவன் நான். நாலு பேர் கூடியிருந்தால் வாய் திறக்க மாட்டேன். கல்யாணமாகிப் பல வருஷம் எங்களுக்குப் பிள்ளையில்லை. அந்த நாளில் அவள் ஆசையாக வளர்த்த வெள்ளை முயல் அது. அவள் காலடிச் சத்தம் கேட்டால் கூண்டுக் கம்பியில் மூக்கை வைத்துக்கொண்டு நிற்கும்.

பிறகுதான் அவள் மாசமானாள். முழுகாமல் இருக்கிறவளின் புருஷன் எந்த உயிரையும் கொல்லக் கூடாது. எங்கள் பக்கத்தில் பாம்பு வந்தால்கூட அடிக்காமல் விரட்டிவிடுவார்கள். மீறினால் பிள்ளைக்கு ஊனம் வருமாம்.

அந்தக் கோடையில் தெருநாய் கூண்டைத் தள்ளி, முயலின் இடுப்பைக் கடித்துவிட்டது. பின்னங்கால் இரண்டும் விளங்காமல் போயின. கடிவாயில் புழு வைத்தது. வேப்பெண்ணெய் விட்டோம், மஞ்சள் அப்பினோம்... எதற்கும் அடங்கவில்லை. முயல் கத்தாது என்று நினைத்திருந்தேன். கத்தும்! அதை நீங்கள் கேட்டிருக்கிறீர்களா?

மைத்துனன் வந்து பார்த்தான். "புழு வைக்கதுக்கு முன்னாலயே சொல்லியிருந்தா கொழம்பாவது வச்சிருக்கலாமே மச்சான்" என்று சிரித்தான். மற்றவர்கள், தானாகச் சாகட்டும் என்றார்கள். மனைவியும் அழுதுகொண்டே அதைத்தான் சொன்னாள்.

மருந்து போட்டு வருகிறேன் என்று சொல்லி, ஓலைப்பெட்டியில் வைத்து மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டர் தொட்டுப் பார்த்து, முதுகெலும்பு முறிந்திருக்கிறது, பிழைக்காது என்றார். வலியில்லாமல் முடித்துவிடலாமா என்று கேட்டார். தலையாட்டினேன்.

முயலைப் பிடித்துக்கொண்டிருந்த உதவியாள் என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

"அண்ணாச்சி, வீட்டுல யாரும் முழுகாம இருக்காவளா? இருந்தா மொயலத் தூக்கிட்டுப் போயிரும்."

"அப்படி யாரும் இல்ல. ஊசியப் போடச் சொல்லும்."

என் வாழ்க்கையில் தடுமாறாமல் நான் பேசிய பேச்சு அது ஒன்றுதான்.

முதல் ஊசியில் மயங்கி, என் உள்ளங்கையில் தலையைச் சாய்த்தது. அடுத்த ஊசியில் மூச்சு அடங்கியது. அவ்வளவுதான்... கரிசல் காட்டில் கோடை வெடிப்பு ஒன்றில் இறக்கி, மண்ணைத் தள்ளி மூடினேன்.

மகள் பிறந்தாள். இடது பாதம் உள்பக்கமாக வளைந்திருந்தது.

பழி யார்மேல் விழுந்தது தெரியுமா? என் மனைவிமேல்! மாசமாக இருந்தபோது வந்த கிரகணத்தன்று அசதியில் காலை மடக்கிப் படுத்துவிட்டாளாம். "சொல்லச் சொல்லக் கேக்காம படுத்தியே, இப்பம் பாரு" என்று பச்சை உடம்புக்காரியிடம் என் அம்மா சொன்னாள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

ஊசியால் பாதம் வளையுமா? வளையாது. பிள்ளைக்கு மாவுக்கட்டுப் போட்ட டாக்டரும், இது யார் செய்ததாலும் வருவதில்லை என்றுதான் சொன்னார். நான் நம்பினேன். அவள் நம்பவில்லை. முயலைப் பற்றி அன்றே சொல்லியிருந்தால், பழியைத் தூக்கி என்மேல் போட்டிருப்பாள். அவள் பாரம் இறங்கியிருக்கும்.

செய்யாத குற்றத்தை நான் ஏன் சுமக்க வேண்டும் என்று எனக்குள்ளேயே வாதாடினேன். அப்படியானால், அவள் மட்டும் செய்தாளா?

இன்னொரு முயல் அப்படிக் கிடந்தால் மறுபடியும் கொண்டுபோவேன். யார் கேட்டாலும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்... அவளைத் தவிர.

மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். கட்டுப் போட்டும் கொஞ்சம் சாய்த்துத்தான் நடக்கிறாள். சாயங்காலமானால் அந்தப் பாதத்துக்கு எண்ணெய் தேய்ப்பாள் மனைவி. நேற்றுத் தேய்க்கும்போது, என் கால் மட்டும் ஏன் இப்படி என்று மகள் கேட்டாள்.

"அம்மா செஞ்ச தப்பு தாயி" என்றாள் அவள்.

எண்ணெய்க் கிண்ணம் என் பக்கத்தில் இருந்தது. எடுத்து அவளிடம் நீட்டினேன்.