மாப்பிள்ளைக்கு ஒரு டாக்டர்

அந்த நாட்டுக்குப் போய்ப் பத்தொன்பது வருஷம் ஆகியும், லிஃப்ட் மெக்கானிக்குக்கு அந்த ஊர் மொழி வேலைக்குத் தேவையான அளவுதான் வரும். கதவு, கயிறு, மோட்டார், பிரேக், பத்து நிமிஷத்தில் சரியாகிவிடும். இவ்வளவு இருந்தால் ஒரு நாளை ஓட்டிவிடலாம். அதற்குமேல் பேச வேண்டிய இடங்களில் மனைவியை முன்னே விட்டுவிட்டு, பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பார். அவள் பேக்கரியில் வேலை பார்த்தாள். நாலு பேரோடு பேசிப் பழகிய வாய். மகள் படிப்பை முடித்து வேறு ஊரில் வேலைக்குப் போன பிறகு வீட்டில் இவர்கள் இருவரும் மாப்பிள்ளையும்தான்.

மாப்பிள்ளை என்பது நாய். ஒரு பழைய குடியிருப்பில் மூன்று நாள் லிஃப்ட் வேலை நடந்தபோது மெக்கானிக் அதைப் பார்த்தார். வளர்த்தவர்கள் நாட்டைவிட்டே போய்விட்டார்கள் என்று காவலாளி சொன்னார். பழுப்பு நிறம். ஒரு காது நிமிர்ந்திருக்கும், மற்றது மடிந்திருக்கும். மூன்று நாளும் லிஃப்ட் வாசலில் உட்கார்ந்து இவரையே பார்த்துக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் வேன் கதவைத் திறந்ததும், கேட்காமலே ஏறி முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டது.

"இத யாரு கேட்டா?" என்றாள் மனைவி. ஒரு வாரம் அதைக் கவனித்தாள். போட்டதைச் சாப்பிடும், சோபாவில் படுக்கும், ஒரு துரும்பை எடுத்து அந்தப் பக்கம் போடாது. ஆனால் வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் தன்னை விசாரிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும். "பொண்ணு கட்டாமலே வந்த மாப்பிள்ளை" என்றாள். பெயரோடு மரியாதையும் ஒட்டிக்கொண்டது. பேக்கரியிலிருந்து போன் செய்தால், "மாப்பிள்ளை சாப்ட்டாரா?" என்பதுதான் முதல் கேள்வி. நீங்கள் சாப்பிட்டீர்களா என்பது அப்புறம்தான். சில நாள் அதுவும் வராது.

ஐந்து வருஷம் அதற்கு ஒரு தலைவலி கிடையாது. ஆறாவது வருஷம், மனைவியின் தங்கைக்கு உடம்பு சரியில்லை என்று இருவரும் சொந்த ஊருக்கு இரண்டு வாரம் போய்வர வேண்டியிருந்தது. மாப்பிள்ளையை நாய்களுக்கான விடுதி ஒன்றில் விட்டுப் போனார்கள். திரும்பி வந்து பார்த்தால் விலா எலும்பு தெரிந்தது. எதைப் போட்டாலும் வாந்தி. பின்னங்கால்கள் நடுங்கின. வீட்டுப் பக்கத்து ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர் ஐந்து நிமிஷம் பார்த்து, வயிற்றுக் கோளாறு என்று மாத்திரை கொடுத்தார். நாலு நாளில் சரியாயிற்று. இரண்டு மாதம் கழித்து, வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆட்கள் வந்து போன மறுநாள், மாப்பிள்ளை மாடிப்படியில் ஏறும்போது பாதியிலேயே மடிந்து விழுந்தது.

இந்தத் தடவை பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கண்ணாடிக் கதவு, காபி இயந்திரம், ஆளுக்கொரு நம்பர் சீட்டு. இரண்டு நாள் டிரிப் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் நாய் வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. ஆனால் கண்ணாடி போட்ட டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளைக் காட்டி, "கிட்னி போயிட்டிருக்கு. அதிகமா போனா நாலு மாசம். ரொம்பக் கஷ்டப்படறதுக்கு முன்னாடி ஊசி போட்டு நிரந்தரமாத் தூங்க வெச்சிடறதப் பத்தி நீங்க யோசிக்கலாம்" என்றார்.

மனைவி அவருக்கு நன்றி சொன்னாள். வேனில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"நல்லா வால ஆட்டிக்கிட்டு நிக்கிறவரப் பாத்து இப்படி ஒரு பேச்சு பேச எப்படிங்க மனசு வருது?"

மெக்கானிக் வேனைக் கிளப்பினார். அவருக்கு வேறொன்று உறுத்திக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்த பிறகு மெதுவாகச் சொன்னார்.

"தேஞ்சுபோன கயிறு தேஞ்சுபோனதுதான். ரெண்டு நாள்ல புதுசாகாது. கிட்னி போச்சுன்னா, தண்ணி ஏத்தினதும் எப்படி இவன் எழுந்து ஓடறான்? விட்டு விட்டு வருதுன்னா கோளாறு வேற எங்கயோ இருக்கு."

விட்டு விட்டு வரும் கோளாறுதான் அவர் தொழிலில் எமன். ஜனங்கள் உள்ளே இருக்கும்போது நிற்கிற லிஃப்ட், மெக்கானிக் போய் நின்றால் ஒழுங்குப் பிள்ளையாக ஓடும். அதற்கு ஒரே வழி, பக்கத்திலிருந்து எழுதிவைப்பது. எந்த நாள், எந்த மாடி, உள்ளே எத்தனை பேர். கடையில் ஒரு நீல நோட்டு வாங்கி, மாப்பிள்ளைக்கும் அப்படியே எழுத ஆரம்பித்தார். என்ன சாப்பிட்டது, எவ்வளவு தண்ணீர் குடித்தது, எப்போது நடுங்கியது, அதற்கு முந்தின நாள் வீட்டில் என்ன நடந்தது. அவர் வேலையில் இருக்கும் நேரத்துக்கு மனைவி எழுதினாள். அவள் எழுத்தில் கோபமும் சேர்ந்து வரும். 'கீழ் வீட்டில் நாள் முழுக்கச் சுவர் இடிக்கிறார்கள், அறிவு இல்லை' என்று ஒரு நாள். மறுநாள் பக்கத்தில், 'மாப்பிள்ளை எழுந்திருக்கவில்லை.'

இனி நல்ல டாக்டர் வேண்டும். மனைவிக்கு அந்த வாரம் முழுக்க இரட்டை வேலை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இந்த முறை வாயைத் தானே திறந்தாக வேண்டும் என்று மெக்கானிக்குக்குப் புரிந்தது. நாளைக்கு ஆறேழு கட்டடம் ஏறி இறங்குகிறவர். எல்லாக் கட்டடத்திலும் நாயோடு லிஃப்டுக்குக் காத்திருக்கிறவர்கள் இருந்தார்கள். இத்தனை வருஷம் அவர்களுக்குத் தலையை மட்டும் ஆட்டியவர், இப்போது ஒவ்வொருவரையும் நிறுத்திக் கேட்டார். உங்கள் நாய்க்கு யார் டாக்டர்? அந்த டாக்டர் கேள்வி கேட்பாரா?

இரண்டாவது கேள்விக்குப் பலர் முழித்தார்கள். மூன்று பேர் மட்டும், ஒருவரை ஒருவர் அறியாதவர்கள், ஒரே ஆளைச் சொன்னார்கள். ஊரின் அந்தக் கோடியில், டயர் கடைக்கு மேலே, முதல் மாடியில் ஒரு பெண் டாக்டர்.

மகள் போனில் தேடிப் பார்த்துவிட்டு, "வேண்டாம்ப்பா, ரெண்டரை ஸ்டார்தான் இருக்கு" என்றாள்.

"என்ன குறையாம்?"

"காக்க வைக்கிறாங்களாம். ஒருத்தர் போட்டிருக்கார், 'எனக்கு முன்னாடி ஒரு பூனைக்கு நாப்பது நிமிஷம் எடுத்துக்கிட்டாங்க'ன்னு."

"அந்த நாப்பது நிமிஷம்தாம்மா எனக்கு வேணும்" என்றார் மெக்கானிக்.

சாப்பாட்டு இடைவேளைகளில் வேனுக்குள் உட்கார்ந்து, சொல்ல வேண்டியதை அந்த மொழியில் பத்து வாக்கியமாக்கி ஒப்பித்துப் பழகினார். போன அன்று ஒண்ணே முக்கால் மணி நேரம் காத்திருந்தார்கள். கீழே டயர் கழற்றும் இயந்திரம் உறுமும்போதெல்லாம் மாப்பிள்ளையின் கால்கள் நடுங்கின. உள்ளே கூப்பிட்டதும், டாக்டர் நாயை மேஜையில் ஏற்றச் சொல்லவில்லை. தானே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஐம்பது வயதிருக்கும். சட்டை முழுக்க யார் யாருடைய முடியோ ஒட்டியிருந்தது.

மெக்கானிக் ஆரம்பித்தார். மூன்றாவது வாக்கியத்தில் மூளை வெள்ளைக் காகிதமாகிவிட்டது. காது சூடாகி, எதிரே இருந்த எடை இயந்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பழக்க தோஷத்தில் மனைவி வாயைத் திறந்தாள். அவர் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு நோட்டை எடுத்து நீட்டினார். டாக்டர் பிரித்துப் பார்த்தார். அத்தனையும் தமிழ்.

"எனக்கு இது படிக்க வராதே" என்றார் டாக்டர். "நீங்களே படிச்சுச் சொல்லுங்க. மெதுவாவே சொல்லுங்க, எனக்கு அவசரமில்ல."

வரி வரியாகப் படித்து, தெரிந்த சொற்களைக் கொண்டு சொன்னார். சொல் கிடைக்காத இடத்தில் கையால் காட்டினார், ஒரு தடவை நாய் விழுந்தது எப்படி என்று தானே முழங்காலை மடித்துக் காட்டினார். டாக்டர் சிரிக்கவில்லை. "அதுக்கு முந்தின நாள் என்ன நடந்துச்சு?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்டார். விடுதி. வெள்ளையடிப்பு. விருந்தாளிகள். கீழ் வீட்டுச் சுவர் இடிப்பு. நாலாவதைச் சொல்லும்போது டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ஸ்டெதஸ்கோப்பை நாயின் நெஞ்சில் வைத்து நெடுநேரம் கேட்டார்.

"இவ்வளவு களைச்சுப்போன நாய்க்கு இதயம் வேகமா அடிக்கணும். இவனுக்கு மெதுவா அடிக்குது." பெரிய ஆஸ்பத்திரித் தாளை வாங்கி இரண்டு இடத்தில் விரலை வைத்தார். "இங்க ரத்தத்துல இருக்கிற ரெண்டு உப்போட அளவு இருக்கு. ஒண்ணு இறங்கியிருக்கு, ஒண்ணு ஏறியிருக்கு. இதப் பத்தி யாராவது சொன்னாங்களா?"

யாரும் சொல்லவில்லை. டாக்டர் ரத்தம் எடுத்தார், ஒரு ஊசி போட்டார், ஒரு மணி நேரம் உட்காரச் சொல்லி மறுபடி ரத்தம் எடுத்தார்.

இரண்டாம் நாள் காலை பதினோரு மணிக்குப் போன் வந்தபோது, மெக்கானிக் ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவே லிஃப்டின் கூரைமேல் நின்றுகொண்டிருந்தார். கையுறையைப் பல்லால் கழற்றி எடுத்தார்.

"உங்க சந்தேகம் சரிதான்" என்றார் டாக்டர். "கிட்னி நல்லாவே இருக்கு. அதுக்கு மேல சின்னதா ஒரு சுரப்பி இருக்கு, அதுதான் வேலை செய்யல. பயமோ அலைச்சலோ வந்தா உடம்பு தாங்கறதுக்கு அதுதான் மருந்து சுரக்கும். அத நாம வெளியிலேர்ந்து கொடுத்துடலாம். மாசம் ஒரு ஊசி, தினம் கால் மாத்திரை. வயசாகிச் சாகற வரைக்கும் இருப்பான்."

மெக்கானிக் அதை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். மூன்றாவது முறையும் கேட்டார். டாக்டர் மூன்று முறையும் சொன்னார். போனை வைத்துவிட்டு, கிரீஸ் படிந்த இரும்பின் மேல் அப்படியே உட்கார்ந்தார். கண்ணைத் துடைக்கப் போய் முகமெல்லாம் கருப்பாயிற்று. பிறகு மனைவியைக் கூப்பிட்டார்.

"கிட்னி இல்லையாம்" என்றார்.

பின்னால் ரொட்டித் தட்டுகள் மோதும் சத்தம் நின்றது. "வயித்துல பால வாத்தீங்க" என்றாள் அவள். கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சினாள். அப்புறம், "நான்தான் அன்னிக்கே சொன்னேனே" என்றாள். சொன்னது அவர்தான். அன்றைக்கு அவர் அதையெல்லாம் கணக்கில் வைத்துக்கொள்ளவில்லை.

ஊசி போட மனைவியே கற்றுக்கொண்டாள். மெக்கானிக்குக்கு எழுபது அடி ஆழ லிஃப்ட் குழியில் தொங்குவது பெரிதில்லை, ஊசியைக் கண்டால் மட்டும் தலை சுற்றும். அந்த நேரத்தில் நாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்திருப்பார். ஒரே மாதத்தில் மாப்பிள்ளைக்கு விலா மறைந்தது. இரண்டாம் மாதம் சோபாவில் பழைய இடம் போதவில்லை.

எட்டாவது மாதம் பூங்காவில் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் எதிரே வந்தார். மாப்பிள்ளை பந்தைத் துரத்திக்கொண்டு அவர் காலை உரசி ஓடியது. அவர் நின்று, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"இது... அந்த கிட்னி நாய்தானே?"

மனைவி முந்தானையைச் செருகிக்கொண்டு சண்டைக்குத் தயாரானது மெக்கானிக்குக்குத் தெரிந்தது. அவளுக்கு முன்னால் அவரே பேசினார். விட்டு விட்டு வந்தது, இரண்டு உப்பு, மெதுவாக அடித்த இதயம், ஊசிப் பரிசோதனை. தடுமாறாமல், அந்த மொழியிலேயே, முதலிலிருந்து கடைசிவரை. டாக்டரின் முகம் சிவந்தது. நியாயம் பேசவில்லை அவர். புல்லில் முழங்கால் போட்டு மாப்பிள்ளையின் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தார்.

"நான் தப்புப் பண்ணிட்டேன். அந்த டாக்டரோட நம்பர் இருந்தா கொடுங்க" என்றார்.

மெக்கானிக் கொடுத்தார். வீட்டுக்கு வரும் வழியில் சிக்னலில் நிற்கும்போது மனைவி, "இவ்வளவு பேசத் தெரிஞ்சுக்கிட்டு இத்தன வருஷம் என்னையே பேச விட்டீங்களே" என்றாள்.

அடுத்த மாதம் டயர் கடை மாடியில் காத்திருக்கையில், பக்கத்து நாற்காலியில் வெள்ளை நாயோடு ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். நாய் வற்றிப்போய்க் கால் நடுங்கிக் கிடந்தது. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் அந்த ஊசிப் பரிசோதனையை இங்கே செய்துகொள்ளச் சொல்லி அனுப்பினாராம். மெக்கானிக் நாற்காலியை அந்த அம்மாள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, அந்த ஊர் மொழியில் பேச ஆரம்பித்தார்.