அக்காவுக்கு நான் வாசிக்காமல் விட்ட எட்டு அதிகாரங்கள்

இந்த நினைவு மலரின் முதல் பக்கத்தில் அக்காவின் படத்துக்குக் கீழே, வேதாகமத்தை முழுவதுமாகப் பதினோரு முறை வாசித்தவர்கள் என்று அச்சாகியிருக்கிறது. அக்காவின் மகள் முதலில் பன்னிரண்டு என்றுதான் எழுதியிருந்தாள். நான்தான் அச்சகத்துக்குப் போய் மாற்றச் சொன்னேன். "ஏன் மாமா, கடைசித் தடவை நீங்கதான கூட இருந்து வாசிச்சீங்க?" என்று கேட்டாள். கூட இருந்து வாசித்தவன் என்பதால்தான் மாற்றச் சொன்னேன். அதை அவளிடம் வாயால் சொல்ல வரவில்லை. உங்கள் எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

அக்கா மம்சாபுரத்தில் பிறந்தார்கள். அப்பாவும் அம்மாவும் காட்டு வேலைக்குப் போகிறவர்கள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர். அக்கா ஐந்தாம் வகுப்போடு நின்றார்கள், நான் ஆறாம் வகுப்போடு ஓடிப்போனேன். அக்காவைத் திருவில்லிபுத்தூரில் தையல் கடை வைத்திருந்த அத்தானுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அத்தான் கிறிஸ்தவர், எங்கள் ஊர் வழக்கில் வேதக்காரர். ஆடித் தேர் சமயத்தில் அவருக்கு மூச்சுவிட நேரமிருக்காது. அந்த நாட்களில் சட்டைப் பொத்தான்களுக்குக் காஜா எடுத்துக்கொண்டே அவரிடம் எழுத்துக் கூட்டி வேதம் வாசிக்கப் பழகியதாக அக்கா சொல்வார்கள். அத்தான் மாரடைப்பில் போனபோது மகளுக்கு நான்கு வயது. அதற்குப் பிறகு அக்கா இராஜபாளையத்து மில்லில் சேர்ந்து, மில் பஸ்ஸில் போய்வந்து, இருபத்திரண்டு வருடம் நூல் கோன் சுற்றினார்கள். காலை ஷிப்ட் என்றாலும் ஒரு அதிகாரம் வாசிக்காமல் வாசலைத் தாண்ட மாட்டார்கள்.

வாசித்ததை அக்கா யாருக்கும் பிரசங்கம் செய்ததில்லை. பொய் சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான். அதுவே பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பெரிய தொந்தரவாக இருந்தது. மில்லில் ஒரு நாள் லீவு கேட்டுப் போனபோது நடந்ததை அக்காவே சிரித்துக்கொண்டு சொல்வார்கள்.

"காய்ச்சல்னு எழுதும்மா, கையெழுத்துப் போட்டுத் தாரேன்" என்றாராம் சூப்பர்வைசர்.

"காய்ச்சல் இல்லையே சார். எங்க அம்மா வீட்டுல சாமிக்குப் பொங்கல். விறகு ஒடைக்க ஆளில்ல."

"நீ வேதக்காரில்லா? ஒனக்கு அங்க என்ன சோலி?"

"வேதக்காரிக்கு விறகு ஒடைக்கத் தெரியாதா சார்?"

லீவு கிடைக்கவில்லை. சம்பளம் பிடித்தாலும் பரவாயில்லை என்று அக்கா மம்சாபுரம் போய் விறகு உடைத்துக் கொடுத்தார்கள். கோயில் வாசலில் கும்பிடாமல் நின்றார்கள். "வந்ததே போதும்" என்று அப்பா ஊரார் முன்னால் சொன்னார். அக்கா ஞானஸ்நானம் எடுத்ததிலிருந்து அதுவரை ஆறு வருடம் அக்காவோடு பேசாமல் இருந்தவர் அவர்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கேரளாவில் பரோட்டா மாவு பிசைந்தேன், சேத்தூர்ப் பக்கம் மாந்தோப்புக் காவலுக்கு இருந்தேன், பிறகு போர்வெல் லாரியோடு ஆந்திரா, ஒடிசா என்று போனேன். ஒரு இடத்தில் மூன்று மாதம் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும். கையில் அடிபட்டு இரண்டு விரல் மடங்காமல் போனபோது அக்கா வீட்டுக்கு வந்தேன். அப்போது அக்காவுக்குச் சர்க்கரை நோயால் இரண்டு கண்ணும் மங்கிவிட்டன. அந்த வருட வாசிப்பு பாதியில் நின்றிருந்தது.

"மக ட்யூஷன் எடுக்கா, அவளுக்கு நேரமில்ல. நீ வாசிலே. முடிக்கிற வரைக்கும் போவாத" என்றார்கள். சரி என்று வாக்குக் கொடுத்தேன். அக்கா என்னிடம் கேட்டது வாழ்நாளில் அது ஒன்றுதான்.

அக்காவுக்கு வாசிப்பதில் ஒரு வரிசை உண்டு. புதிய ஏற்பாட்டில் தொடங்குவார்கள். நாளாகமத்தின் இரண்டு புத்தகங்களையும் கடைசிக்கு வைப்பார்கள். அதன் தொடக்கத்தில் ஒன்பது அதிகாரமும் பெரும்பாலும் பெயர்கள்தான். இன்னார் மகன் இன்னார் என்று போய்க்கொண்டே இருக்கும். "கடைசில வச்சா அதுக்குள்ள நாக்குப் பழகிரும்" என்பார்கள். என் நாக்குப் பழகவில்லை. முதல் அதிகாரத்துக்கே ஒரு சாயங்காலம் முழுக்க ஆனது.

"ஏலே, பேரை முழுங்காத. அவியளுக்கும் ஒரு ஆத்தா ஆசையாப் பேரு வச்சிருப்பால்லா? முழுசாச் சொல்லு."

"எம்புட்டுப் பேருக்கா இது! ரேஷன் கடை லிஸ்ட் தோத்துரும்."

"ஒன் பேரு இருந்தா விட்டுருவியா?"

அந்த வாரம்தான் லாரி ஓனர் போனில் கூப்பிட்டார். மூன்று வாரத்தில் வண்டி ஒடிசா புறப்படுகிறது, வந்தால் வா என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். மிச்சமிருந்த பெயர் அதிகாரங்கள் எட்டையும் இப்படியே வாசித்தால் வண்டி போய்விடும். மறுநாள் அந்த எட்டையும் சேர்த்துப் புரட்டிவிட்டு, போரில் ராஜா சாகிற இடத்தில் தொடங்கினேன். அக்கா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "இன்னைக்கு நல்லா வாசிக்கியே" என்றார்கள். பதினோரு முறை வாசித்தவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்தால் கேட்காமலா இருப்பார்கள்? அன்றிலிருந்து இன்றுவரை எனக்கு இதே குழப்பம்.

கடைசி அதிகாரத்தை முடித்த பிறகுதான் வண்டி விஷயத்தைச் சொன்னேன். "போய்ட்டு வா" என்றார்கள். மறுநாள் போய்விட்டேன்.

சபையில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் ஒவ்வொரு அசனப் பண்டிகையிலும், அந்த வருடம் வேதத்தை முடித்தவர்களின் பெயரைக் கூப்பிட்டு எவர்சில்வர் தட்டுக் கொடுப்பது வழக்கம். அக்கா எழுந்து நிற்பதைப் பார்க்கவேண்டும் என்று இரண்டு நாள் லீவில் வந்தேன். நடக்கச் சிரமப்பட்டதால் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய்ப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். போதகர் ஐயா பெயரைக் கூப்பிட்டார். அக்கா அசையவில்லை.

"அம்மா, ஒங்க பேருதான்" என்றாள் மகள்.

"கேட்டுச்சுட்டி. இந்த வருசம் நான் முடிக்கல."

பந்தியில் உட்கார்ந்ததும் மெதுவாகக் கேட்டேன்.

"ஏன்க்கா எந்திரிக்கல? நான் வாசிச்சேன்லா?"

"நீ வாசிச்ச. நான் நடுவுல தூங்கிட்டேன்லே. தூங்குனதப் போயி வாசிச்சேன்னு சொல்லவா? சோத்தைத் தின்னு."

பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு என்னைக் காப்பாற்றினார்களா, நிஜமாகவே தூங்கியிருந்தார்களா? என்னைக் காப்பாற்றுவதற்காகவாவது அக்கா பொய் சொல்வார்களா? சொல்லமாட்டார்களே. அப்படியென்றால் தூங்கித்தான் இருக்கவேண்டும். தூங்கியிருந்தால் அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. இப்படியே சுற்றிச் சுற்றி யோசித்துக்கொண்டு சோற்றைத் தின்றேன். உண்மையைச் சொல்லவில்லை.

இரண்டு மாதத்தில் சிறுநீரகம் பழுதாகி ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாக மகள் போன் செய்தாள். சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு வந்தேன். "அக்கா, நாளாகமத்துல..." என்று தொடங்கினேன். "செத்த நேரம் பொறு, பொறவு வாசிக்கலாம்" என்றார்கள். வாசிக்க வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். ஊசி போட வந்தவர்கள் என்னை வெளியே போகச் சொன்னார்கள். அதன் பிறகு அக்கா பேசவில்லை. நான் வந்த மூன்றாம் நாள் காலை கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள்.

போன மாதம் அந்த எட்டு அதிகாரங்களையும் வாசித்தேன். ஒரு பெயரையும் முழுங்கவில்லை. ஆறுதல் வந்ததா என்றால் இல்லை. கேட்க வேண்டியவர்கள் இல்லை. நான் ஞானஸ்நானம் பெற்றவனும் இல்லை. யாருக்காக வாசித்தேன் என்று தெரியவில்லை, ஆனாலும் பாதியில் நிறுத்த முடியவில்லை.

இந்தக் கட்டுரையைத் திருத்தும்போது மகள் ஒன்று சொன்னாள். சபையில் ஜெபக் குறிப்புப் பெட்டி இருக்கிறது. அக்கா சொல்லச் சொல்ல அவள் எழுதிப் போட்ட சீட்டு ஒன்றில், "தம்பி தூரமாகப் போகிறான், பத்திரமாகப் போய்வர வேண்டும்" என்று இருந்ததாம்.

"எப்பம்மா அது? நான் போன பொறவா?"

"இல்ல மாமா. நீங்க அந்தப் பேரையெல்லாம் திக்கித் திக்கி வாசிச்சீங்கல்லா, அந்த வாரம்."

அந்த வாரம் வண்டி விஷயத்தை நான் அக்காவிடம் சொல்லியிருக்கவே இல்லை. நான் புரட்டித் தாண்டியதற்கு முந்தியா பிந்தியா என்று கேட்டேன். அவளுக்கு நினைவில்லை.

அக்காவை ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்ட மில் தோழிகளுக்கும், அங்கிருந்த ஆறு நாளும் சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், வேன் அனுப்பிய மம்சாபுரத்து உறவினருக்கும், அடக்க ஆராதனை நடத்திய போதகர் ஐயாவுக்கும் சபையாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஓராண்டு நினைவு ஜெபத்துக்கு வந்திருக்கும் உங்களுக்கும் நன்றி. அக்கா உங்களில் யாரிடமாவது என் வாசிப்பைப் பற்றி ஏதாவது சொல்லியிருந்தால், அது எதுவாக இருந்தாலும் எனக்குத் தெரிய வேண்டும். பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருப்பேன். இலையை மூடுவதற்கு முன் என்னைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.