திரைக்குப் பின்னால் எடுத்த நான்கு படங்கள்

ஸ்கேனர் வந்த நாளிலிருந்து ஜெக்ஷென் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் யாரும் சாப்பிட முடியவில்லை. தலைநகர் பிஷ்கெக்கில் வேலை பார்க்கும் மகள், அலுவலகத்தில் கழித்துப் போட்டதை வாங்கி அனுப்பியிருந்தாள். மூடியிலும் விளக்கு உள்ள, சூட்கேஸ் அளவு பழைய இயந்திரம். கோச்கோர் ஊரில் முப்பத்தைந்து வருடம் கல்யாணம், பள்ளிக்கூடம், கூட்டுப்பண்ணை என்று படம் பிடித்தவர் அவர். அத்தனை நெகட்டிவும் தேயிலை டப்பாக்களில் சுருண்டு கிடந்தன. சுருள் நிமிர அவற்றை இரண்டு நாள் கனமான அகராதிக்கு அடியில் வைப்பார். பிறகு, குழந்தைகளுக்கு எனிமா கொடுக்க மருந்துக்கடையில் விற்கும் ரப்பர் குமிழால் தூசியை ஊதுவார்.

"எழுபத்தொரு வயசுல எனிமா பம்பை வெச்சுக்கிட்டு புஸ்ஸு புஸ்ஸுன்னு ஊதிக்கிட்டு. பேரப்பிள்ளைங்க பார்த்தா உருண்டு சிரிக்கும்," என்றாள் மனைவி குமுஷ்.

"கண்ணுக்குத் தெரியாத தூசிடி. கண்ணாடியில விழுந்தா படத்துல ஆட்டுக் கயிறு மாதிரி நிக்கும்."

"நிக்கட்டும். இந்தா, டீ."

கிண்ணம் விளிம்பு வரை ததும்பியது. "என்ன, இப்படி ஊத்தியிருக்க?"

"குடிச்சுட்டு மேசையைக் காலி பண்ணுன்னு அர்த்தம்."

வந்தவருக்குக் கால் கிண்ணம் ஊற்றி, தீரத் தீர மறுபடி ஊற்றுவதுதான் அங்கே மரியாதை. நிறைத்துக் கொடுத்தால் எழுந்து போகச் சொல்கிறார்கள். நாற்பத்தேழு வருடமாகக் குமுஷ் அதைக் கேலிக்குத்தான் பயன்படுத்தி வந்தாள்.

ஆனால் அவர் மேசையை விட்டு எழாததற்கு வேறு காரணம் இருந்தது. இருட்டறையில் பிரிண்ட் போட்ட காலத்தில் ஓரங்களை வெட்டிவிடுவார். ஸ்கேனர் ஓரத்தையும் விடாமல் காட்டியது. அதே தெருவில் இருக்கும் ஒஸ்மோன் வீட்டு விருந்துகளை வருடவாரியாகக் கணினியில் ஏற்றியபோது, ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஏதோ ஒன்று நகர்ந்துகொண்டிருந்தது. எண்பத்தேழில் ஒரு வெள்ளை முக்காட்டின் நுனி. தொண்ணூறில், பனிமேல் ஒரு நிழல். தொண்ணூற்றாறில், குழந்தையை இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டு விலகும் ஒரு கை. எல்லாம் ஒரே ஆள்தான். ஒஸ்மோனின் மனைவி புருல். படம் எடுக்கப் போகிறார்கள் என்றால் அவள் தானாக நகர்ந்துவிடுவாள். ஏன் என்று அந்தத் தெருவுக்கே தெரியும். ஜெக்ஷெனுக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகத் தெரியும்.

எண்பத்துநான்கு ஜூலை என்று எழுதிய டப்பாவை அவர் கடைசியாகத்தான் திறந்தார்.

அது ஒஸ்மோன் கல்யாணம். மேய்ச்சல் வெளியில் நல்ல வெயில். குதிரை ஓட்டம், மல்யுத்தம், கிழவர்களின் வரிசை என்று எடுத்துத் தள்ளினார். மூன்று கிண்ணம் புளித்த குதிரைப்பால் உள்ளே போயிருந்தது. பிறகு கூடாரத்துக்குள், மணப்பெண்ணை உட்கார வைத்திருந்த திரைக்குப் பின்னால் போய் நான்கு படம் எடுத்தார். அங்கே ஆடு அடைக்கும் கொட்டில் மாதிரி இருட்டு. வெயிலுக்கு வைத்த வெளிச்ச அளவைக் கேமராவில் மாற்ற மறந்துவிட்டார். கழுவிப் பார்த்தபோது மற்றவை எல்லாம் நன்றாக இருந்தன. அந்த நான்கு மட்டும் வெறும் கண்ணாடி போல இருந்தன.

வெறும் கண்ணாடி இல்லை. அப்படிப்பட்ட பிலிமைக் கறுப்புத் துணிமேல் சாய்த்துப் பிடித்தால் உருவம் மங்கலாகத் தெரியும். தன் கோட்டுக் கையின் மேல் வைத்து அவர் பார்த்தார். குனிந்த தலை, பத்தொன்பது வயது மூக்கு, மடியில் கோத்த விரல்கள். காகிதத்தில் கொண்டுவர முடியாத அளவு மெலிந்திருந்தன, அவ்வளவுதான். தவறு யாருடையது என்பதில் அவருக்கு ஒரு நிமிடமும் சந்தேகம் இருக்கவில்லை.

மறுவாரம் புருலின் மாமியார் சோனுன் வந்து படங்களை எண்ணிப் பார்த்து, "மருமக எங்கே?" என்று கேட்டாள். "என்னமோ தெரியலக்கா, எல்லாம் விழுந்திருக்கு. அந்தப் பொண்ணு முகம் மட்டும் காகிதத்துல விழல," என்றார் ஜெக்ஷென். "என்னமோ தெரியல" என்பதை எடுத்துவிட்டால் அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. உண்மையான சொற்களை வைத்தே ஒரு பொய்யைக் கட்டிவிட முடிகிறது. கட்டியவன் வெளியே நின்றுகொள்கிறான். உள்ளே குடியிருக்க வேண்டியவர் வேறு யாரோ.

சோனுன் அதைச் சகுனமாக எடுத்துக்கொண்டாள். இந்த வீடு அவளை ஏற்கவில்லை என்றாள். முதல் இரண்டு கர்ப்பமும் கலைந்தபோது, கிணற்றடியில் நாலு பேர் கேட்க, "படத்துலயே முகம் விழல, மடியிலயா பிள்ளை விழப்போகுது?" என்றாள். தண்ணீர் வாளியோடு நின்ற ஜெக்ஷெனும் கேட்டார். வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மூன்றாவது பிள்ளை தங்கியது. பேச்சும் தங்கிவிட்டது. சோனுன் இறந்து பதினோரு வருடமாகியும் புருல் எந்தப் படத்திலும் நிற்பதில்லை.

இப்போது அந்த நான்கில் ஒன்றை ஸ்கேனர் கண்ணாடிமேல் வைத்தார். விளக்கு ஊர்ந்து போய்த் திரும்பியது. கணினியில் முதலில் சாம்பல் நிறம் மட்டும்தான். வெளிச்ச அளவை நகர்த்த நகர்த்த, சாம்பலுக்குள் முக்காடு வந்தது, பிறகு மூக்கு, பிறகு விரல்கள். புள்ளி புள்ளியாக, ஆனால் அவளேதான்.

குமுஷ் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். அவள் குனிந்து அந்த முகத்தை இன்னொரு முறை பார்த்தாள்.

"கொண்டுபோய்க் குடு. புது மெஷின்ல வந்துச்சுன்னு சொல்லு. அதுக்கு மேல வாயத் திறக்காதே. இனிமே சொல்லி யாருக்கு என்ன?"

அவருக்கும் அதுதான் வசதியாகப் பட்டது.

புருல் அடுப்படியில் மாவைச் சிறு துண்டுகளாக வெட்டிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை பேத்திக்குத் தொட்டில் விழா, அதற்குப் பொரிக்க. அவரை உட்கார வைத்துக் கால் கிண்ணம் டீ ஊற்றினாள். அச்சிட்ட படம் இருந்த உறையை அவர் நீட்டினார்.

"யாருண்ணே இந்தப் பொண்ணு?"

"நீதான்."

மாவுக் கையை இடுப்பில் கட்டிய துணியில் துடைத்துவிட்டு ஓரத்தை மட்டும் பிடித்து ஜன்னலருகே போனாள். "அம்மாடி, எம்மாம்பெரிய மூக்கு," என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்தது. "முகம் விழலைன்னாங்களே?"

"புது மெஷின்ல... வந்துச்சு."

"முப்பத்தஞ்சு வருஷத்துக்கு அப்புறமும் மறக்காம தேடி எடுத்திருக்கீங்களே. வேற யாரு செய்வா? அல்லா உங்களுக்கு நீண்ட ஆயுசு குடுக்கட்டும்." ஆசி சொல்ல இரண்டு கைகளையும் முகத்துக்கு நேரே ஏந்தினாள்.

"கையை இறக்கு, புருல்."

அவள் அப்படியே நின்றாள்.

"மெஷின் எதையும் கொண்டுவரல. முகம் அன்னிக்கே இருந்துச்சு. கேமராவுல அளவை மாத்த மறந்தவன் நான். கோட்டு மேல வெச்சுப் பார்த்தேன். நீ குனிஞ்சு உட்கார்ந்திருந்தே."

"பார்த்துட்டா அத்தைகிட்ட அப்படிச் சொன்னீங்க?"

"ஆமா."

"அத்தை கிணத்தடியில சொன்னது?"

"காதுல விழுந்துச்சு."

"நான் படத்தைவிட்டு நகர்ந்து நகர்ந்து போனது?"

"பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். ஒருதடவைகூடக் கூப்பிடல."

புருல் மாவுப் பலகைக்குத் திரும்பினாள். கத்தி மாவில் இறங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"எதுக்குண்ணே?"

"படம் எடுக்கத் தெரியாதவன்னு ஊரு சொல்லிடுமோன்னு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

இன்னும் பெரிய காரணம் ஏதாவது இருந்திருக்கலாம் என்று அவருக்கே தோன்றியது. தேடினார். இல்லை.

"சனிக்கிழமை நாத்தனாருங்க நாலு பேரும் வராங்க," என்றாள் அவள், வெட்டுவதை நிறுத்தாமல். "எங்கிட்ட மட்டும் சொன்னா ஆச்சா? அவங்க முன்னாடி சொல்லுங்க."

"சொல்றேன்."

"குதிரைப்பால் குடிச்சீங்களா அன்னிக்கு?"

"மூணு கிண்ணம்."

"அதையும் சொல்லுங்க."

"அதையும் சொல்றேன்."

அவள் படத்தை உறையில் போட்டு, மாவு படாத உயரத்தில், அலமாரிமேல் வைத்தாள். பிறகு வந்து அவர் கிண்ணத்தை எடுத்தாள். ஒரு துளி சிந்தாமல், விளிம்பு வரை நிறைத்து, அவர் முன்னால் வைத்தாள்.

கைப்பிடி இல்லாத கிண்ணம். விரல் சுட்டது. ஆறட்டும் என்று கீழே வைக்காமல் ஜெக்ஷென் அடிவரை குடித்தார்.