முளைக்காத கடைவாய்ப்பல்

எனக்கும் என் தாய்மாமனுக்கும் இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. எங்கள் வேதத்தில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் மணமக்கள் பெயரை வாசித்து, தடை ஏதும் உண்டா என்று ஊரைக் கேட்பார்கள். அதற்குத்தான் ஓலை என்று பெயர். மூன்றாவது ஓலைக்கு முதல் நாள், பெண்ணை அழைத்து வரும்படி சாமியார் சொல்லியனுப்பினார். பன்னிரண்டு வயது நிரம்பாத பெண்ணுக்குக் கோயிலில் தாலி கட்ட முடியாது. இவ்வளவு சின்னப் பெண்ணா என்று யாரோ அவர் காதில் போட்டிருக்க வேண்டும்.

அம்மா அசரவில்லை. தாது வருசப் பஞ்சத்துக்கு முந்தின வருசம் பிறந்தவள், ஞானஸ்நான ஏட்டில் பெயர் இருக்கிறது என்றாள். புரட்டிப் பார்த்தார்கள். என் பெயரும் அப்பா அம்மா பெயரும் சரியாக இருந்தன. கணக்குப்படி எனக்குப் பதிமூன்று வயது.

இந்தக் கல்யாணம் நடந்தே ஆக வேண்டும் அம்மாவுக்கு. பஞ்சத்தில் அவளுடைய பிறந்த வீடே அழிந்துபோயிற்று. சிறுவனாக எங்கோ ஓடிப் பிழைத்த தம்பி ஒருவரைத்தான், நாங்கள் குடியிருந்த வருசநாட்டுக் காட்டோரத்திலிருந்து விசாரித்து விசாரித்து, கம்பம் பக்கம் கண்டுபிடித்திருந்தாள். அவர் வேறிடத்தில் பெண் கட்டினால் அந்த ஒரே உறவும் விட்டுப்போகும் என்று பயந்தாள். என் ஆசை அவ்வளவு பெரியதில்லை. கூறைச்சேலை உடுத்த வேண்டும், அவ்வளவுதான்.

கோயில் உபதேசியார் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பஞ்சகாலத்தில் அநாதைப் பிள்ளைகளின் மடத்தில் வேலை பார்த்தவர். ஊர் பேர் சொல்லத் தெரியாமல் வந்த பிள்ளைகளுக்கெல்லாம் பல்லைப் பார்த்து வயது எழுதியவர்.

“பல்லப் பிடிச்சுப் பாக்க இதென்ன மாட்டுச் சந்தையா?” என்று அப்பா முணுமுணுத்தார். உபதேசியார் விரலைக் கழுவிக்கொண்டு வந்தார்.

“வாயத் தொற ஆத்தா.”

விரல் என் பக்கப்பல் ஒன்றை அசைத்தது. இரண்டு நாளாக ஆடிக்கொண்டிருந்த பால்பல் அது. பிறகு கடைசி வரை போய் வெறும் ஈறைத் தடவியது.

“பன்னெண்டு வயசுல வர்ற கடைவாய்ப்பல்லு இன்னும் மொளைக்கல சாமி. ஒம்பது, மிஞ்சினா பத்து.”

“பஞ்சத்துல வளந்த பிள்ளை. பல்லு பிந்தாதா?” என்றாள் அம்மா.

“பஞ்சத்துல வளந்த பிள்ளைக பல்லுல வரி வரியா விழுந்து கெடக்கும் தாயி. எத்தனையோ வாயி பாத்திருக்கேன். இவ பல்லு சுத்தமா இருக்கு.” அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ஏட்டுல இருக்கிற மூத்தவ எங்க?”

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

“கஞ்சித் தொட்டிக்குத் தூக்கிட்டுப் போற வழியில ஓஞ்சுபோனா. செபம் சொல்லச் சாமி இல்ல, அடிக்க மணி இல்ல. ஏட்டுல எழுதிட்டா அவ இல்லாமலே போயிருவாளேன்னு யாருக்கும் சொல்லல. இவ பொறந்ததும் அவ பேரச் சொல்லியே கூப்பிட்டேன்.”

“அப்ப இவளுக்கு ஞானஸ்நானம்?” என்றார் சாமியார்.

அம்மா இல்லையென்று தலையாட்டினாள். அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பெரியவர்கள் பேசியது எல்லாம் என் காதில் விழுந்தது. மூத்தவள் என்று யாரைச் சொல்கிறார்கள் என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை. பல்லால் காரியம் கெட்டது என்ற வெட்கமே பெரிதாக இருந்தது.

மறுநாள் மூன்றாவது ஓலை வாசிக்கவில்லை. என் தலையில் தண்ணீர் ஊற்றி வேறொரு பெயர் வைத்தார்கள். பழைய பெயருக்கு எதிரே உபதேசியார் சிலுவைக்குறி போட்டார். பிறகு சாவுக்கு அடிப்பதுபோல மணி அடித்தார்கள். பல்லை ஒழுங்காக வளர்க்காததற்காக என் பெயரைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று நினைத்து அழுதேன். மாமா அந்தத் தையிலேயே வேறிடத்தில் பெண் கட்டினார்.

வண்டியில் ஊர் திரும்பும்போது அம்மா அந்தப் பழைய பெயரை ஒருமுறை சொன்னாள்.

“என்னம்மா?” என்றேன்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கோபம் இன்னும் தீரவில்லை போலிருக்கிறது என்று, ஆடும் பல்லை நாக்கால் தள்ளிக்கொண்டே வந்தேன். அவள் கூப்பிட்டது என்னையல்ல என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.