அம்மா பெருக்கிய காடு

காட்டுக்குள் விளக்குமாறு பெருக்கும் சத்தத்தைக் கேட்டவர்கள் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். நான் கேட்டிருக்கிறேன். ரெம்பாவுக்குப் போகும் சாலையிலிருந்து விலகி உள்ளே தள்ளிக் கிடந்த எங்கள் துண்டுக் காட்டின் நடுவிலிருந்து, தென்னங்குச்சி ஈரமண்ணைக் கீறும் அந்த "சர்க், சர்க்" ஓசை கிளம்பியதும் அப்பாவின் முகம் இறுகிவிடும். ஓடையில் ஆடிக்கொண்டிருந்த நானும் தம்பியும் அப்படியே நின்று, அடுத்து யார் என்ன சொல்லப் போகிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொள்வோம். எனக்கு அப்போது பத்து வயது, தம்பிக்கு ஏழு. அந்தச் சில மாதங்களில் எங்கள் வீட்டில் பெரிய சண்டை எதுவும் நடக்கவில்லை, ஆனால் ஒருநாள்கூட நிம்மதியாகச் சாப்பிட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

நாங்கள் பிறந்த ரப்பர் தோட்டத்தை நிர்வாகம் வீடு கட்டுகிறவர்களுக்கு விற்றுவிட்டு, நாங்கள் குடியிருந்த லயத்தைக் காலி செய்யச் சொல்லி ஆளுக்கொரு நஷ்டஈட்டைக் கையில் கொடுத்திருந்தது. விவரமுள்ளவர்கள் அதை முன்பணமாகக் கட்டி மலிவு விலை வீட்டுக்குப் பெயர் பதிந்துகொண்டார்கள். எங்கள் அப்பா காடு வாங்கினார். ஒரு சீனக் கிழவர் எப்போதோ ரப்பர் போட்டு, பிள்ளைகள் பட்டணம் போன பிறகு கவனிக்காமல் விட்ட நிலம் அது. பழைய பால்மரங்களுக்கு நடுவே பெத்தாயும் டுரியானும் பெயர் தெரியாத காட்டு மரங்களும் அவரவர் இஷ்டத்துக்கு முளைத்து, பிரம்புக்கொடி எல்லாவற்றையும் கட்டி இழுத்துக்கொண்டிருந்தது. அந்த ரப்பரிலிருந்து இனி ஒரு சொட்டுப் பால் வராது என்பது, வாழ்நாளெல்லாம் பால்மரம் சீவிய அப்பாவுக்குத் தெரியாமல் இல்லை.

ஏன் வாங்கினீர்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவர் ஒரே பதிலைத்தான் சொன்னார். "பொறந்ததுலேர்ந்து நிரை புடிச்ச மரத்தத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். நிரை இல்லாத எடத்துல கொஞ்ச நாளு நடந்துட்டுப் போறேன் லா." தோட்டத்தில் "நிரை" என்றால் மரங்களின் வரிசை. இருட்டு விலகுமுன் தன் நிரைக்குப் போய், அந்த வரிசை முடிந்து அடுத்த வரிசை, அது முடிந்து அடுத்தது என்று நடந்தே தேய்ந்த மனிதரின் ஆசை அது. இன்று எனக்குப் புரிகிறது. அன்று அம்மாவுக்குப் புரிய வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

அம்மா ஒரே ஒரு தடவைதான் பேசினார். "தலைக்கு மேல கூர இல்ல, ஐயாவுக்குக் காடு கேக்குது." அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. ராசா என்ற ஊரில் ஒரு வீட்டின் பின்கட்டில் இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்திருந்தோம். சாமி படம் மாட்ட ஓர் ஆணி அடிப்பதென்றாலும் வீட்டுக்கார அம்மாவைக் கேட்க வேண்டும். கேட்டதற்கு, "சொவரு கெட்டுப் போயிரும்மா" என்று பதில் வந்தது. சாமி படங்கள் அரிசி டின்னின் மேல் சுவரில் சாய்ந்தபடி உட்கார்ந்திருந்தன. அம்மா சமைக்கும்போது அந்த டின்னைப் பார்ப்பார், பிறகு அப்பாவைப் பார்ப்பார்.

கடைசியில் அப்பாதான் இறங்கி வந்தார். தீபாவளி வரைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் காட்டுக்கு வந்து பார், அதற்கப்புறமும் பிடிக்கவில்லையென்றால் விற்றுவிட்டு வீட்டுக்குப் பணம் கட்டிவிடலாம் என்றார். வாங்குவதற்கு ஆளும் தயாராக இருந்தார். லோபாக்கில் லாரி வைத்திருந்த ராமையா அண்ணன், எல்லாவற்றையும் அழித்துச் "செம்பனை" போடும் எண்ணத்தோடு, எண்ணெய்ப் பனைக்கு அதைவிட நல்ல மண் கிடையாது என்று ஏற்கெனவே இரண்டு முறை வந்து போயிருந்தார். ஆக, காடு தப்புமா போகுமா என்பது அம்மாவின் முகத்தில் இருந்தது. எனக்கும் தம்பிக்கும் அந்த ஓடை வேண்டும். அதனால் ஞாயிறு முழுக்க நாங்கள் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

முதல் ஞாயிறு படுமோசம். பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து போனதும், அம்மா ஒரு மரத்தடியில் குடையை விரித்துக்கொண்டு நின்றார். மழையும் இல்லை, வெயிலும் அங்கே இறங்காது. உட்காரச் சொல்லி அப்பா பழைய சாக்கு ஒன்றை விரித்தார், உட்காரவில்லை. அப்பா மட்டும் இலைக்குப்பையில் மல்லாந்து படுத்து, உச்சியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பகலில் அவர் படுத்து அன்றுதான் பார்த்தேன். அம்மாவின் கணுக்காலில் ஓர் அட்டை ஏறிக்கொண்டிருந்தது. இதைப் பார்த்தால் காடு அன்றைக்கே விலைபோய்விடும் என்று எனக்கு உயிரே போய்விட்டது. தம்பியை விட்டுப் பாட்டுப் பாடச் சொல்லிவிட்டு, கீழே விழுந்த எதையோ எடுப்பதுபோல் குனிந்து நகத்தால் அதைச் சுண்டினேன். அம்மா குடையை மாற்றிப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "இன்னொண்ணு அந்தக் கால்ல இருக்கு பாரு."

அடுத்த வாரம் அவர் பையில் பாராங் கத்தியும் விளக்குமாறும் இருந்தன. அம்மா தோட்டத்தில் புல் வெட்டும் கும்பலிலும் மருந்தடிக்கும் கும்பலிலும் இருந்தவர். மரத்தடியில் ஒரு பிடி புல் நின்றால் மேற்பார்வை பார்க்கும் மண்டோர் கத்துவான், சில நாள் அரைச் சம்பளம்தான் போடுவான். அந்தப் பழக்கத்தில் வந்த அம்மா, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஓடைக்கு மேலே இருந்த மேட்டில் வெட்ட ஆரம்பித்தார். பிரம்பு போயிற்று, பெரணி போயிற்று, முட்டியளவு நின்ற கன்றுகள் போயின. வெட்டிய இடத்தைப் பெருக்கினார். எனக்கு ஒரே சந்தோஷம். பிடிக்காத இடத்தை யாராவது பெருக்குவார்களா என்று தம்பியிடம் அடித்துச் சொன்னேன்.

ஆனால் அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார். அவர் வாய்வரை ஒரு சொல் வந்து நிற்பதும், அதை அவர் விழுங்குவதும் எனக்கே தெரிந்தது. தடுத்தால் அம்மா வர மாட்டார். வராவிட்டால் காடு ராமையா அண்ணனுக்குப் போய்விடும். தடுக்காவிட்டால் தான் எதிலிருந்து தப்பித்து வந்தாரோ அந்தத் தோட்டத்தையே அம்மா வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாக இங்கே கொண்டுவந்து வைத்துவிடுவார். பாவம், மனிதர் வசமாக மாட்டிக்கொண்டார். விளக்குமாற்றின் சத்தம் தொடங்கினால் ஓடைப்பக்கம் போய்விடுவார், கொஞ்ச நேரத்தில் மனசு கேட்காமல் திரும்பி வந்து எட்டிப் பார்ப்பார். ஒரு ஞாயிறு அம்மா ரப்பர் மரத்தில் ஆணி அடித்துப் பையை மாட்டினார். பட்டையில் கத்தி கொஞ்சம் ஆழமாகப் பட்டாலே வருத்தப்படுகிற அப்பா, ஒவ்வோர் அடிக்கும் கண்ணை மூடித் திறந்தார். எங்கள் மேலும் அம்மாவுக்குக் கண்டிப்பு கூடிக்கொண்டே போனது. ஓடையிலிருந்து சேற்றோடு ஓடி வந்தால், "கழட்டு, செருப்பக் கழட்டிட்டு வா" என்று விரட்டுவார். மண் தரைக்கு என்ன வந்தது என்று நாங்கள் முனகிக்கொண்டே கழற்றுவோம்.

தீபாவளிக்கு முந்தின மாதம் அப்பாவின் பொறுமை உடைந்தது. மேட்டின் ஓரத்தில், அப்பா வரும்போதெல்லாம் தடவிப் பார்க்கும் ஓர் இளம் பெத்தாய் மரம் நின்றது. அம்மா பாராங்கோடு அதை நெருங்கியதும் அப்பா பாய்ந்துபோய் மரத்துக்கும் கத்திக்கும் நடுவில் நின்றார்.

"போதும் புள்ள. இது தோட்டம் இல்ல. எந்த மண்டோரும் வந்து பாக்கப் போறதில்ல."

அம்மா கத்தியைக் கீழே வைத்தார். ஆணியிலிருந்து பையை எடுத்துக்கொண்டு சாலையைப் பார்த்து நடந்தார். பஸ்ஸில் நாங்கள் நாலு பேரும் நாலு சன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தோம். அன்றிரவே அப்பா லோபாக்குக்குப் போய், அடுத்த ஞாயிறு நிலத்தைப் பார்க்க வரலாம் என்று ராமையா அண்ணனிடம் சொல்லிவிட்டு வந்தார். நான் தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதேன். ஓடைக்காகத்தான் அழுதேன், இவர்களுக்காக அல்ல.

அந்த ஞாயிறு ராமையா அண்ணன் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்தார். எல்லையைக் காட்டிக்கொண்டு அப்பா முன்னால் நடந்தார். நாங்கள் மேட்டுக்கு ஏறியபோது அம்மா எங்களுக்கு முன்பே வந்து பெருக்கி முடித்திருந்தார். ராமையா அண்ணன் அந்தச் சுத்தமான தரையில் காலை வைக்கப் போனார்.

"அண்ணே," என்றார் அம்மா. "செருப்ப வெளியிலயே விட்டுட்டு வாங்க."

அவர் சிரித்தார். "எங்க தங்கச்சி உள்ள, எங்க வெளிய? ஒண்ணுமே காணோமே லா."

"நீங்க நிக்கிறது வாசப்படி. இது ஹாலு. அந்த ஆணி இருக்குதில்ல, அங்க சாமி. ஓடப் பக்கமா இருக்கிறது அடுப்படி, தண்ணி எடுக்கத் தோதா. அந்தக் கடைசியில புள்ளைங்க ரூமு." பெத்தாய் மரத்தைக் காட்டினார். "அதுதான் கொஞ்சம் எடஞ்சலா நிக்குது. பரவால்ல, ரூமுக்குள்ள ஒரு மரம் இருந்துட்டுப் போவட்டும்."

அப்போதுதான் நாங்கள் பார்த்தோம். அத்தனை வாரங்களாக நாங்கள் ஓடிய தரையில் நேர்க்கோடாக ஓரங்கள் இருந்தன, நடுவில் தடுப்பு மாதிரி ஒரு கை அகலத்துக்குப் பெரணியை விட்டு வைத்திருந்தார், வாசல் இருந்தது. அம்மா தோட்டம் போடவில்லை. கேட்டுக் கிடைக்காத வீட்டைத் தரையில் கட்டிக்கொண்டிருந்தார். அப்பா வாசப்படிக்கு வெளியே செருப்போடு நின்றுகொண்டு, உள்ளே வரத் துணிவில்லாமல், சட்டை நுனியைப் பிடித்துக் கசக்கினார். பிறகு ராமையா அண்ணன் பக்கம் திரும்பி, "வெலயப் பேசிக்கலாம் அண்ணே. இவளுக்கு ஒரு வீடு வேணும்" என்றார்.

ராமையா அண்ணன் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொல்லிவிட்டார்.

"வீட்ட விக்கல அண்ணே. சும்மா உக்காருங்க, தண்ணி கலக்கறேன்."

அவர் பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பிளாஸ்கிலிருந்து ஊற்றிய தேநீரைக் குடித்தார். போகும்போது நல்ல மண், நல்ல மண் என்று தலையை ஆட்டிக்கொண்டே போனார். அன்று மத்தியானம் அம்மா முதல்முறையாகக் காலை நீட்டி உட்கார்ந்து, மரத்தில் முதுகைச் சாய்த்து, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "யாரையும் கேக்காம ஆணி அடிச்ச எடம் இது ஒண்ணுதான்." அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். செருப்பு இரண்டும் வெளியே, வரிசையாக இருந்தன.

வாடகைப் பின்கட்டில் இன்னும் பல வருஷம் இருந்தோம், அம்மா அதற்காக அப்பாவைத் திட்டவும் செய்தார். தம்பி வேலைக்குப் போய்க் கடன் எடுத்த பிறகு லோபாக்கில் சொந்த வீடு வந்தது. எங்கள் லயம் இருந்த இடத்தில் இன்று மாடி வீடுகள் நிற்கின்றன. எங்கள் காட்டைச் சுற்றி மூன்று பக்கமும் செம்பனை நிரை பிடித்து நிற்கிறது. நடுவில் இது மட்டும் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு இருக்கிறது. ஆணியை மரமே தின்றுவிட்டது.

அம்மா போய் இரண்டு மழைக்காலம் ஆகிறது. விளக்குமாறு படாத மேட்டில் பெரணி இடுப்புவரை ஏறிவிட்டது, பிரம்பு மறுபடி முள்ளோடு வந்திருக்கிறது. ஹால் எது, அடுப்படி எது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. சுத்தம் பண்ண ஆள் கூப்பிடட்டுமா என்று அப்பாவிடம் கேட்டேன், வேண்டாம் என்றார். போன ஞாயிறு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். கைத்தடியை ஊன்றி மெதுவாக மேடேறியவர், எனக்கு ஒன்றுமே தெரியாத ஓர் இடத்தில் நின்றார். என் தோளைப் பிடித்துக்கொண்டு, முதலில் வலது செருப்பை, பிறகு இடது செருப்பைக் கழற்றினார். முள் இருக்கிறது, அட்டை இருக்கிறது அப்பா என்றேன்.

"திட்டுவா," என்றார்.

நானும் கழற்றிவிட்டு அவர் பின்னால் போனேன்.